எதுக்குக் கிழக்கே? பிள்ளைகளுக்குத் திசை பழக்குவது

தயவுசெய்து முதல் நாளே நோட்டில் கூட்டல் குறி போட்டு மேலே ‘வ’, கீழே ‘தெ’ என்று எழுதிக் காட்டாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், பெரியவள் வெகுநாள் வரை வடக்கு எங்கே என்றால் மின்விசிறியைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். சேலத்துப் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இன்னும் சுலபமாக வரும், ஏனென்றால் ஏற்காடு நமக்கு வடக்கேயும் இருக்கிறது (கொஞ்சம் கிழக்கே சாய்ந்து), உயரத்திலும் இருக்கிறது. போதாததற்கு மேற்கு என்ற சொல்லுக்குள் மேல், கிழக்கு என்ற சொல்லுக்குள் கீழ். காவிரி மேற்கே குடகில் இறங்கிக் கிழக்கே கடலுக்குப் போகிற நிலம் இது, சொல்லும் அந்தச் சரிவோடுதான் போகிறது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் ரசிக்கும், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் தெரிந்ததுகூடக் குழம்பிவிடும்.

மொட்டை மாடியில் தொடங்குங்கள். நம் ஊருக்கு வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நாலு பக்கமும் மலை நிற்பது எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? வீடு ஊரின் ஓரத்தில் இருந்தால் மலைகள் கொஞ்சம் தள்ளித் தெரியும், அதனால் ஒரு கம்பை நேராக நட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 11.45க்கு நிழலின் நுனியில் ஒரு கல், 12.45க்கு இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு, இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் முடிந்தது. சரியாக 12 மணியை நடுவில் வைக்காததற்குக் காரணம், இந்தியக் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, சேலம் 78 டிகிரியை ஒட்டி இருக்கிறது, அதனால் நமக்கு உச்சி 12.15ஐ ஒட்டித்தான் வருகிறது. மே மாதம் செய்தால் உச்சி நிழல் தெற்கே விழும். பயப்படாதீர்கள், அப்போது சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது, கோடு மாறாது. போனில் இருக்கிற திசைகாட்டி வேண்டாம், பீரோ பக்கத்தில் போனாலே அது பிதற்றும்.

கோடு கிடைத்ததா? அப்புறம்தான் உண்மையான வேலை. தரையில் ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், ஒரு தீப்பெட்டி வையுங்கள். “ஸ்பூன் கிழக்கே இருக்கு” என்று பிள்ளை சொல்லும். ஒத்துக்கொள்ளாதீர்கள். “எதுக்குக் கிழக்கே?” என்று கேளுங்கள். “டம்ளருக்குக் கிழக்கே.” சரி, தீப்பெட்டிக்கு? அதற்கு மேற்கே. ஒரே ஸ்பூன், அசையவே இல்லை. அந்தச் சின்ன ‘க்கு’ வாயில் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அப்புறம் பிள்ளையை அப்படியே எதிர்ப்பக்கம் போய் உட்காரச் சொல்லி மறுபடி கேளுங்கள். இடது வலது புரண்டுவிடும், கிழக்கு அங்கேயே இருக்கும். எங்கள் பாட்டி “கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு” என்றுதான் பேசுவார், இடது வலது அவர் வாயில் வந்ததே இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கூகு யிமிதிர் மொழியிலும் பக்கத்தில் இருக்கிற பொருளுக்குக்கூடத் திசைதான் சொல்கிறார்கள்.

நகர்வதைச் சொல்ல பஸ் போதும். தருமபுரி பஸ் வடக்கே போகிறது, நாமக்கல் பஸ் தெற்கே, ஆத்தூர் பஸ் கிழக்கே. ஆனால் ஆத்தூரில் இருந்து சேலம் வருகிற பஸ்? கிழக்கே இருந்து வருகிறது, மேற்கே பார்த்துப் போகிறது. இருப்பது, போவது, வருவது மூன்றையும் தனித்தனி வாக்கியமாகச் சொல்ல வையுங்கள், அவசரப்பட்டால் எல்லாவற்றுக்கும் ‘கிழக்கே’ ஒன்றையே போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். இதில் பழகிய பிள்ளைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று ஏன் வடகிழக்கே பார்த்து வீசுகிறது என்பது தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை, வாடையும் தென்றலும்கூட அப்படித்தான், வருகிற பக்கத்தை வைத்துப் பேர். உபதிசைகளை ஒரு மாதம் கழித்து எடுக்கலாம், வீட்டில் அக்னி மூலை (தென்கிழக்கு), கன்னி மூலை (தென்மேற்கு) என்று பேசுகிறவர்கள் இருந்தால் அதுவும் ஓரளவு தானாக வந்துவிடும்.

கடைசிப் பரீட்சை ஏற்காட்டுப் பாதையில். காலையில் போங்கள், ஜன்னலோர சீட் பிடியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் பஸ் முகத்தைத் திருப்பும், வலது ஜன்னலில் அடித்த வெயில் இடது ஜன்னலுக்குத் தாவும். “இப்போ எந்தப் பக்கம் போறோம்?” என்று வளைவுக்கு வளைவு கேட்டால் ஐந்தாவதிலேயே ஒருத்தருக்கு வாந்தி வரும், அதனால் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். மேலே லேடிஸ் சீட் காட்சிமுனையில் நின்று, ஏற்காட்டுக்குச் சேலம் எங்கே என்று கேட்டேன். பெரியவள் “தெற்கே, கொஞ்சம் மேற்கே” என்றாள். சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு “கீழே” என்றான்.