டபுள் ஸ்லீப்பிங் பேக் வாங்கும் முன்: குடும்பக் கேம்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜனவரியில், கோத்தகிரி பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்தில் டென்ட் போட்டிருந்தோம். நான், மனைவி, ஆறு வயது மகள். புதிதாக வாங்கிய டபுள் ஸ்லீப்பிங் பேக் (இருவர் உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) ஒன்று. அதன் உறையில் பெரிய எழுத்தில் ‘0 டிகிரி’ என்று போட்டிருந்தது. கோயம்புத்தூரில் வீட்டுக் கூடத்தில் விரித்து, ஃபேனைப் போட்டு, மூன்று பேரும் உள்ளே நுழைந்து சிரித்து, ஒத்திகை எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். “ஏனுங்க, மேல கதகதன்னுதான் இருக்குது. முதுகு மட்டும் ஐஸ் கட்டி மேல படுத்த மாதிரி இருக்குது.” நடுவில் படுத்திருந்த மகளோ வேர்த்துப் போய் எல்லாவற்றையும் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில் காருக்குள் போய், சால்வையைப் போர்த்திக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்தே தூங்கினோம்.

அந்த ஒரு ராத்திரியில் நாங்கள் செய்த தவறுகளை எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு தேறும். ஆனால் எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். மேலே போர்த்துவதைப் பற்றியே யோசித்தோம், கீழே விரிப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

குளிர் கீழேயிருந்து வருகிறது

ஸ்லீப்பிங் பேக் சூடு கொடுப்பதில்லை. உங்கள் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வதுகூட உள்ளே இருக்கும் பஞ்சு இல்லை. பஞ்சு இழைகளுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும். காற்று போய்விடும். அதன்பிறகு அந்தப் பக்கம் இருப்பது இரண்டு அடுக்குத் துணி மட்டுமே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையாக இருந்தாலும் இதுதான் கதை.

நாங்கள் அடியில் போட்டிருந்தது காற்றடிக்கும் ஏர் பெட். மெத்தென்று இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம். சாதாரண ஏர் பெட்டுக்குள் இருப்பது வெறும் காற்று. அது உள்ளுக்குள்ளேயே சுழன்று, உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்த் தரையிடம் கொடுத்துவிடும். இன்னொன்று, குளிர ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சாயங்காலம் விண்ணென்று இருந்த பெட் நள்ளிரவில் தொளதொளவென்று ஆகிவிடும். எங்கோ ஓட்டை என்று நான் டார்ச்சை வைத்துத் தேடியது தனிக் கூத்து.

அடியில் விரிக்கும் மேட் வாங்கும்போது ‘ஆர் வேல்யூ’ என்ற எண்ணைப் பாருங்கள். சூடு தரைக்கு இறங்குவதை அந்த மேட் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. எண் கூடக்கூட நல்லது. மேட்டுக்கு மேல் மேட் போட்டால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். சாதாரண ஃபோம் மேட் ஒன்றரை முதல் இரண்டு வரை கொடுக்கும். உள்ளே பஞ்சு எதுவும் நிரப்பாத ஏர் பெட் பெரும்பாலும் ஒன்றைத் தாண்டாது. ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக் குளிருக்குக் குறைந்தது மூன்று இருந்தால்தான் நிம்மதி என்பது என் அனுபவம்.

காரில் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. முதுகில் சுமக்கப் போவதில்லையே! வீட்டிலிருக்கும் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி டிக்கியில் போடலாம். பழைய கம்பளியை ஏர் பெட்டுக்கு மேலே விரிக்கலாம். நாங்கள் இப்போது மளிகைக் கடையில் நான்கைந்து அட்டைப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து, டென்ட் தரைமேல் முதலில் அதைத்தான் பரப்புகிறோம். மேலே ஃபோம் மேட், அதற்குமேல் ஜமக்காளம். பார்க்க அழகாக இருக்காது. முதுகு குளிராது.

உறையில் போட்டிருக்கும் டிகிரி

ஸ்லீப்பிங் பேக்கின் வெப்ப அளவைச் சோதிக்க ஒரு சர்வதேச முறை இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 23537. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ஈ.என். 13537 என்ற பெயரில் இருந்தது. சூடேற்றிய பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்க வைத்து அளப்பார்கள். பொம்மைக்கு உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் உண்டு. அடியில் மேட்டும் உண்டு என்பதைக் கவனியுங்கள். அதிலிருந்து மூன்று முக்கியமான எண்கள் வரும். ‘கம்ஃபர்ட்’ என்பது ஒரு சராசரிப் பெண் கைகாலைத் தளர்வாக வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. ‘லிமிட்’ என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதைத் தூக்கத்தோடு சேர்க்கவே கூடாது. ஆறு மணி நேரம் உயிர் பிழைத்துக் கிடக்கலாம் என்பதற்கான எண் அது.

விற்பனைக்கு வரும் பல பைகளில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். அது இந்த மூன்றில் எது என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் ‘0 டிகிரி’யும் அப்படித்தான். ‘கம்ஃபர்ட்’ என்ற வார்த்தை கூடவே இல்லாவிட்டால், போட்டிருக்கும் எண்ணோடு ஏழெட்டு டிகிரியைக் கூட்டிக்கொண்டுதான் நான் இப்போது முடிவெடுக்கிறேன். இன்னும் சிலர் டிகிரியே போடாமல் ‘300 ஜி.எஸ்.எம்.’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்பது அது. பஞ்சின் தரம், தையல், பையின் வடிவம் எதையும் அது சொல்லாது.

போகிற இடத்தின் குளிரையும் கணக்குப் போட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், ஏற்காடு 1,500, கொடைக்கானல் 2,100, ஊட்டி 2,240. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தா பக்கம் உறைபனி விழுந்து புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிருக்கு ஏற்ற பையோடு ஏப்ரலில் ஏலகிரி போனால் வெந்து போய்விடுவீர்கள். அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு என் சிபாரிசு, ஜிப்பை முழுக்கத் திறந்தால் ரஜாய் மாதிரி விரிக்க முடிகிற செவ்வகப் பைதான்.

இந்த எண்களெல்லாம் பெரியவர்களுக்கு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். குழந்தைகளுக்கான பைகளை அந்தச் சோதனை முறை கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

‘டபுள்’ என்றால் இருவர்

டபுள் பேக் என்று விற்கப்படுவது பொதுவாக 220 செ.மீ. நீளமும் 150 செ.மீ. அகலமும் இருக்கும். வீட்டுக் குயீன் சைஸ் கட்டிலின் அகலம்தான். ஆளுக்கு 75 செ.மீ. கிடைக்கும். விளம்பரப் படத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நால்வர் ஒரே பைக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். படம் பிடித்து முடித்ததும் அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மூன்றாவது ஆளை நடுவில் படுக்க வைத்தால் இடம் மட்டும் பிரச்சினை இல்லை. ஓரத்தில் படுத்திருப்பவர்களின் தோள் பையின் பக்கத்தை இழுத்துப் பிடிக்கும். பஞ்சு அங்கே நசுங்கிக் குளிர் ஏறும். நடுவில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அடுப்பு. அது ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் மூவரும் எழ வேண்டும். சேர்த்து வைத்த சூடெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

தலைப்பக்கத்தையும் பாருங்கள். ஒற்றைப் பையில் கழுத்தருகே கயிற்றை இழுத்துச் சுருக்கிக்கொள்ளலாம். டபுளில் வாய் அகலம். இருவர் கழுத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும், காற்று நேராக அதன் வழியே இறங்கும். நாங்கள் அந்த இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டிச் சொருகுகிறோம், தலைக்கு மங்கி குல்லா. சிலருக்குக் குல்லா போட்டுக்கொண்டு தூங்கக் கௌரவம் இடம் கொடுக்காது. மூன்று மணிக்குக் கொடுக்கும்.

ஆகவே என் கட்சி இதுதான்: கணவனும் மனைவியும் மட்டும் போவதென்றால் டபுள் வாங்குங்கள். பிள்ளைகளோடு போவதென்றால், ஒன்றோடொன்று ஜிப் சேர்க்கக்கூடிய இரண்டு சிங்கிள் பைகளும் பிள்ளைக்குத் தனியாக ஒரு சிறிய பையும் வாங்குங்கள். வேண்டும்போது சேர்க்கலாம், ஒருவருக்குச் சளி, ஒருவருக்குக் குறட்டை என்றால் பிரிக்கலாம். அடுத்த வருடம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளை தனிப் பையை எடுத்துக்கொண்டு போகும்.

சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பைக்கு இடது பக்க ஜிப், இன்னொன்றுக்கு வலது பக்க ஜிப் இருக்க வேண்டும். பல்லின் அளவும் ஜிப்பின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று வாங்குவதுதான் பத்திரம். கடையிலேயே சேர்த்துப் பாருங்கள். பார்க்கும்போது மெதுவாக இழுக்காமல், தூக்கக் கலக்கத்தில் இழுப்பதுபோல வெடுக்கென்று இழுங்கள். துணியைக் கவ்வுகிற ஜிப் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்க முடிகிறதா, கால் பக்கம் மட்டும் தனியாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பிள்ளையின் பை அதன் உயரத்தைவிட ரொம்ப நீளமாக இருந்தால், கீழே காலியாகக் கிடக்கும் பகுதியையும் அந்தச் சின்ன உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும். மிச்சத்தை அடியில் மடித்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெரியவர்களின் பைக்குள் ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள். முகம் மூடிக்கொண்டால் அதற்கு விலக்கத் தெரியாது, சூடு அதிகமானாலும் சொல்லத் தெரியாது. கைக்குழந்தை இருந்தால் அந்த வருடம் டென்ட்டை விட்டுவிட்டு அறை எடுத்துத் தங்கலாம், குடி முழுகிப் போகாது.

காருக்குள் படுப்பவர்களுக்கு

பின் சீட்டை மடித்துக் காருக்குள்ளேயே படுக்கும் திட்டமா? பை வாங்கும் முன்பு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்குப் போங்கள். பின் சக்கரங்களுக்கு மேலே உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு மேடுகளுக்கு நடுவில் அளக்க வேண்டும். எங்கள் காரில் 102 செ.மீ. இருந்தது. 150 செ.மீ. பை அதற்குள் சுருண்டு மடிந்து படகு மாதிரி நிற்கும்.

கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத் தூங்கினால், மூச்சில் இருக்கும் ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து விடிகாலையில் பைமேல் சொட்டும். இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். டென்ட்டிலும் மேல் ஜன்னலை முழுக்க மூடக்கூடாது.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரியடுப்பையோ காஸ் ஸ்டவ்வையோ டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்காதீர்கள். இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, எழுப்பவும் எழுப்பாது. ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றைக் கால் பக்கம் போட்டுக்கொண்டால் போதும், மூடி இறுகியிருக்கிறதா என்று மட்டும் இரண்டு தரம் பார்த்துவிடுங்கள்.

பஞ்சு எது?

வாத்து இறகுப் பை இலேசானது, நன்றாகச் சூட்டைப் பிடிக்கும். நனைந்தால் ஒட்டிக்கொண்டு உதவாமல் போகும். எடையைப் பற்றிக் கவலையில்லாத, மூடுபனியிலும் சாரலிலும் தங்கப் போகிற கார்க்காரர்களுக்குச் செயற்கை இழைப் பஞ்சே போதும். விலையும் குறைவு.

உள்துணி வழவழவென்று உடம்பில் ஒட்டினால் பை வாங்கிய கடையைக் குறை சொல்ல வேண்டாம், ஒரு பருத்தி உறை தைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் இரண்டு பழைய எட்டு முழ வேட்டிகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, நடுவில் மடித்து, கால் பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் மூடிக் கொடுத்தார். டபுள் பைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் அதைத் துவைத்தால் போதும். பையைத் துவைக்கும் வேலை வருடத்துக்கு ஒருமுறையோடு போகும்.

காலையில் எழுந்ததும் பையைச் சுருட்டிவிடாதீர்கள், அதில் ஒரு ராத்திரி வேர்வை இருக்கிறது. வெயில் வரும்வரை காரின் பானட்மேல் விரித்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதோடு கொடுத்த குட்டிப் பைக்குள் திணித்து மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு அமுங்கி, அடுத்த மார்கழிக்குப் போர்வையைவிட மெலிந்துபோயிருக்கும். எங்களுடையது ஒரு பழைய மெத்தை உறைக்குள் தளர்வாக, பரண்மேல் இருக்கிறது. பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் வசம்பும் துணியில் முடிந்து போட்டிருக்கிறது.