கடைப்பலகையில் பில்தாத்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவது என் வழக்கம். ஹார்டுவேர் கடை, பேக்கரி, ஜெராக்ஸ் கடை என்று எதிலாவது ஒன்றில் இந்த வசனம் கண்ணில் பட்டுவிடும்: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." வேதாகமத்தில் யோபு 8:7. கல்யாணப் பத்திரிகையிலும் பார்த்திருப்பீர்கள். என் நண்பன் ஒருவன் பெயின்ட் கடை திறந்தபோது, பலகைக்கு நல்ல வசனமாக ஒன்று சொல் என்று கேட்டான். நான்தான் இதை எடுத்துக் கொடுத்தேன்.

பல வருஷம் கழித்து யோபு புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசித்தபோதுதான், இந்த வார்த்தையைச் சொன்னது யார் என்று பார்த்தேன். சொன்னது கடவுள் இல்லை, யோபுவின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். யோபுவின் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் வீடு இடிந்து விழுந்து ஒரே நாளில் செத்துப்போயிருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த இந்த மனிதர், அந்தத் தகப்பனிடம், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான தண்டனைதான் கிடைத்தது என்கிற தோரணையில் பேசுகிறார். அது 8:4. அடுத்து, நீர் சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார். அது 8:6. நம் பலகை வசனம் அதற்கு அடுத்த வரி. புத்தகத்தின் கடைசியில், 42:7-இல், கடவுள் இந்த நண்பர்கள்மேல் கோபம் மூளுகிறது என்கிறார். யோபு பேசியதுபோல் என்னைக்குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

யோபுவின் பின்னிலைமை உண்மையிலேயே ஆசீர்வாதமாகத்தான் முடிந்தது. அதனால் பில்தாத் சொன்னது பலித்துவிட்டது என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் அவர் போட்ட கணக்கின்படி அது நடக்கவில்லை. நல்லவனாக இருந்தால் செழிப்பு, செழிப்பு இல்லையென்றால் ஏதோ பாவம் என்ற அந்தக் கணக்கைத்தான் புத்தகம் முழுவதும் யோபு மறுத்துக்கொண்டே இருக்கிறார். நண்பனிடம் இதைச் சொன்னேன். "பலகை மாத்துற காசை நீ தர்றியாடே?" என்றான். பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வேதத்தை வைத்து வாழ நினைக்கிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவதாக நான் சொல்வது இதைத்தான்: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று பார்க்காமல் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்வது. அதற்கு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையைவிட நல்ல உதாரணம் கிடையாது. பன்னிரண்டு மணி அடித்ததும், புதுவருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வரும். ஆளுக்கு ஒன்று எடுப்போம். எங்கள் சபையில் ஒரு பெரியம்மா, எடுத்தது மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் யாரும் பார்க்காதபோது திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார். அவரைக் கேலி செய்வேன். அப்புறம் யோசித்தால், அச்சடிக்கிற இடத்திலேயே அந்தத் தேர்வு நடந்து முடிந்துவிடுகிறதே! "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்ற அட்டை யார் கைக்கு வந்திருக்கிறது?

அந்தத் தட்டில் தவறாமல் இருப்பது எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது ஒரு கடிதத்தின் நடுவரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதாவது கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப்போவதில்லை. அதனால்தான் அதே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. இதற்கு முந்தின அதிகாரத்தைப் பார்த்தால் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷம், எல்லாம் திரும்ப வந்துவிடும் என்கிறார். ஜனங்களுக்கு யார் பேச்சு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரைக் கர்த்தர் அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் குரலில் வாசிப்பதுதான் நம் புதுவருஷப் பழக்கம். இந்த வருஷத்துக்குள் வேலை, இந்த வருஷத்துக்குள் குழந்தை என்று அதற்குக் காலக்கெடு வைத்துவிட்டு, டிசம்பரில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

இரண்டாவது தவறை நான் ஒரு துக்க வீட்டில் செய்தேன். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கணவர் திடீரென்று இறந்துபோனார். நான் போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே ரோமர் 8:28-ஐ ஆரம்பித்துவிட்டேன். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. அந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, வசனம் எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க" என்றார். முகம் சிவந்துபோய் உட்கார்ந்தேன். பின்வரிசையில் யாரோ தண்ணீர்ச் செம்பை வைக்கிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. பவுல் எழுதிய அதே ரோமர் நிருபத்தில், நாலு அதிகாரம் தள்ளி, "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று இருக்கிறது. விளக்கம் சொல்லு என்று அங்கே இல்லை. யோபுவின் நண்பர்களும் வந்தவுடன் ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அடுத்தது தமிழ் சம்பந்தப்பட்டது; இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது 1715-இல் முடிந்தது. நம்மில் பலர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வந்த ஒன்றியப் பதிப்பை ஒட்டியது. அந்தத் தமிழின் மேல் எனக்குப் பெரிய பிரியம். சங்கீதங்களை வேறு தமிழில் என்னால் ஜெபிக்க முடியாது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன், "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, "கற்பனையை எப்படி சார் கைக்கொள்றது?" என்று கேட்டான். அவனுக்குக் கற்பனை என்றால் கதை கட்டுவது. அந்த மொழிபெயர்ப்பில் அது கட்டளை. மேலே கடவுள் பில்தாத் கூட்டத்திடம் சொன்ன "நிதானமாய்" என்பதும் அப்படித்தான். நாம் அதை அமைதியாக, அவசரப்படாமல் என்று புரிந்துகொள்கிறோம். அங்கே அதற்குச் சரியாக, உள்ளது உள்ளபடி என்று பொருள். அந்த நண்பர்கள் கோபமாகப் பேசினார்கள் என்பது குற்றச்சாட்டு அல்ல. தவறாகப் பேசினார்கள் என்பதே குற்றச்சாட்டு.

இதெல்லாம் சின்ன விஷயம். "பரிதானம்" பெரிய விஷயம். "பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி..." என்று யாத்திராகமம் 23:8 சொல்கிறது. ஒரு நாள் காலையில் இந்த அதிகாரத்தை வாசித்து, ஜெபம் பண்ணி, வேதத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு அலுவலகத்துக்குப் போய் ஒரு சான்றிதழுக்காக 500 ரூபாயை மடித்து ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்தேன். மனசில் ஒரு கீறல்கூட இல்லை. சாயங்காலம்தான், பரிதானம் என்றால் லஞ்சம் என்பது உறைத்தது. அந்தச் சொல்லை யாரும் வீட்டிலும் பேசுவதில்லை, செய்தித்தாளிலும் எழுதுவதில்லை. அது ஏதோ மோசேயின் காலத்துப் பாவம்போல் பெட்டிக்குள் இருக்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு 'கையூட்டு' என்கிறது. அது கொஞ்சம் கிட்டே வருகிறது. லஞ்சம் என்றே போட்டிருந்தால் அன்றைக்கு என் கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கும். 'வாங்காதே என்றுதானே இருக்கிறது, கொடுக்காதே என்று இல்லையே' என்று நண்பர் ஒருவர் சட்டம் பேசினார். நானும் இரண்டு நாள் அந்த வாதத்தில் ஒளிந்து பார்த்தேன். வாங்குகிறவரைக் குருடாக்குகிற காசைக் கொடுப்பது யார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. அதனால் பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்கள் பக்கத்தில் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புரியாத சொல்லைவிட ஆபத்தானது புரிந்ததுபோல் இருக்கிற சொல்.

ஒரு வருஷத்தில் வேதம் முழுவதும் வாசித்து முடிக்கிற திட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 66 புத்தகம், 1189 அதிகாரம். நாளைக்கு மூன்று நாலு அதிகாரம் வாசித்தால் முடிந்துவிடும். நல்ல பழக்கம்தான், நானும் செய்திருக்கிறேன். மார்ச் மாதம் லேவியராகமத்தில் பின்தங்கி, ஒரே உட்காரலில் பன்னிரண்டு அதிகாரம் ஓட்டி, டிக் அடித்ததும் உண்டு. என்ன வாசித்தேன் என்று கேட்டுவிடாதீர்கள்.

காணிக்கையில் நாம் செய்யும் தவறு கொஞ்சம் கூச்சமான விஷயம். எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகையில் வாழைத்தார், பூசணி, தேங்காய், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு முருங்கைக்காய்க் கட்டு சந்தை விலைக்குப் பத்து மடங்கு போகும். கைதட்டல், சிரிப்பு, நல்ல பண்டிகை. ஒரு வருஷம் நானும் வேகத்தில் ஒரு தாரை ஏற்றி ஏற்றி எடுத்தேன். வீட்டுக்கு வந்தால், அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காசு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார். மாற்கு 7-இல் இயேசு 'கொர்பான்' என்ற வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக் கை கழுவுவது அது. வேதத்தை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். காணிக்கை கொடுக்கவே வேண்டாம் என்று நான் இதற்கு அர்த்தம் பண்ணவில்லை. தார் வாங்கினேன் என்பதல்ல என் வெட்கம். அது கடவுளுக்கு என்ற எண்ணமே, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவிடாமல் பண்ணிவிட்டது.

காணிக்கை என்றதும் மத்தேயு 5:23, 24 வரும். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல். நடந்தால் மூன்று நாலு நாள். அவ்வளவு தூரம் வந்தவன் திரும்ப நடந்து போய், சகோதரனைப் பார்த்துப் பேசிவிட்டு, மறுபடியும் வரவேண்டும். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், அப்புறம் சிரிப்பு நின்றிருக்கும். இன்னொன்று: உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று வசனத்தில் இல்லை, அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. நியாயம் என் பக்கம் என்கிற பேச்சுக்கே வாசல் அடைத்துவிட்டது.

எனக்கும் என் அண்ணனுக்கும் நடுவே 100 கிலோமீட்டர் இல்லை. ஒரு எல்லைக்கல்தான். அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது அது ஒரு முழம் நகர்ந்ததா இல்லையா என்பதில் ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கோயிலில் அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். திருவிருந்துக்கு அவர் வரிசை எழுந்தால் நான் கொஞ்சம் தாமதிப்பேன், பக்கத்தில் முழங்கால்படியிட வேண்டிவந்துவிடக் கூடாதே என்று. அந்த ஆறு வருஷத்திலும் நான் வெள்ளிக்கிழமை வேதபாடம் நடத்தினேன். மன்னிப்பைப் பற்றிக்கூட நடத்தினேன். அதற்காக வாசிக்கும்போதெல்லாம், இந்த வசனம் அண்ணன் கேட்க வேண்டிய வசனம் என்றே தோன்றும். உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை முதலில் எடு என்று சொன்ன இயேசு தச்சு வேலை தெரிந்தவர். உத்திரம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும்.

போன வருஷம் பெரிய வெள்ளி முடிந்து ஒரு சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். மதினிதான் கதவைத் திறந்தார். "வாங்க கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே பார்த்தார். அண்ணன் டிவியை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. காப்பி வந்தது. மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம், அம்மாவின் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம்.

கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து அளவைக்கு மனு போட்டிருக்கிறோம். போன வாரம் அண்ணன் போன் பண்ணி, "அளக்க வர்றவரை ஏதும் கவனிக்கணுமாடே?" என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. பரிதானம்" என்றேன்.

"அப்படின்னா?" என்றார்.