'தப்பான பழக்கம் எதுவும் இல்லையே?' என்று கேட்காதீர்கள்

சிறுநீர் போகும்போது எரிகிறது என்று ஓர் இளைஞர் வருகிறார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அம்மா. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே டாக்டர் கேட்கிறார்: "தப்பான பழக்கம் எதுவும் இல்லையே?" "இல்ல டாக்டர்." வேறென்ன சொல்வார்? பதிலையும் சேர்த்தல்லவா கேட்டாயிற்று!

பால்வினை நோய்த் தடுப்பு பெரும்பாலும் கோட்டை விடப்படுவது இந்த இடத்தில்தான். கூட வந்தவரை முதலில் ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். "எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்" என்று தொடங்கி, சர்க்கரை இருக்கிறதா என்று விசாரிக்கும் அதே குரலில் கேளுங்கள். கடைசியாக உடலுறவு எப்போது, ஆணோடா பெண்ணோடா, ஆணுறை போட்டீர்களா? 'கல்யாணம் ஆகிவிட்டதா' என்பது இதற்கு மாற்றுக் கேள்வி ஆகாது. வாய்வழி, ஆசனவாய்வழி உறவு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும் கொனோரியா (வெட்டை நோய்), சிறுநீரை மட்டும் சோதித்தால் தெரியாமல் போகலாம்.

அறிகுறி இல்லையென்றால் நோய் இல்லை என்று அனுப்பிவிடுவது அடுத்த தவறு. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துக் குழந்தைப்பேறே தடைபடலாம். சிஃபிலிஸ் (மேகப்புண் நோய்) இன்னும் கள்ளத்தனமானது. முதலில் வரும் புண் வழக்கமாக வலிக்காது, 3 முதல் 6 வாரத்தில் தானாகவே ஆறிவிடும். 'களிம்பு போட்டேன், சரியாகிவிட்டது' என்பார் நோயாளி. கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கும். கர்ப்பிணிக்கு முதல் வருகையிலேயே இதற்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். உரிய நேரத்தில் போடும் பென்சிலின் ஊசி வயிற்றுக் குழந்தையையும் காப்பாற்றும்.

'நெகட்டிவ்' என்ற தாளை நீட்டும்போதும் ஜாக்கிரதை. போன வாரம் நடந்த உறவுக்கு இன்று எச்.ஐ.வி. சோதனை செய்து 'ஒன்றுமில்லை' என்று சொல்ல முடியாது. ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி சோதனை (கிருமியின் கூறையும் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளையும் தேடுவது) தொற்றைக் காட்டுவதற்கே, உறவு நடந்ததிலிருந்து 18 முதல் 45 நாள் ஆகலாம். மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நேற்று முன்தினம் நடந்தது என்று பதறி வருபவரை 'மூன்று மாதம் கழித்து வாங்க' என்று திருப்பி அனுப்புவதைத்தான் மன்னிக்கவே முடியவில்லை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

'ஆணுறை போடுங்க' என்று ஒற்றை வரியில் முடிப்பதும் போதாது. வாசலின், எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் (ரப்பர்) ஆணுறை கிழியும் என்பது பலருக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்), எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

கடைசித் தவறு, ஒருவருக்கு மட்டும் மருந்து எழுதுவது. கிளமிடியாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் துணையைப் பற்றி விசாரிக்காவிட்டால் நோய் அங்கிருந்து திரும்பி வரும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவு வேண்டாம். ஒரே வேளை மருந்து என்றால் அதிலிருந்து 7 நாள். 3 மாதம் கழித்து மறுபரிசோதனை. துணையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் கதவருகே தயங்கி நிற்பார். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்கு முன் அவரை மறுபடி உட்கார வையுங்கள்.