பின்னால் வருபவர் முகத்தில் சேறடிக்காத மட்கார்ட்

இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை ஞாயிறு சைக்கிள் கிளப் சவாரி போகிறவர்களுக்கு மழையைவிடப் பெரிய தொல்லை, சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர். முன்சக்கரத்து நீர் நேரே ஷூவுக்குள் இறங்கும். பின்சக்கரத்து நீர் ஒட்டி வருபவரின் கண்ணிலும் வாயிலும் அடிக்கும். பண்ணைச் சாலைகளில் அதில் சாணமும் கலந்திருக்கும்.

எனக்குப் பலன் தந்தது, 28 மி.மீ. டயருக்கு 45 மி.மீ. அகல முழுநீள மட்கார்ட். டயருக்கும் அதற்கும் 8-10 மி.மீ. இடைவெளி வேண்டும், குறைந்தால் ஈர இலை சிக்கி உரசும். பெரும்பாலான மட்கார்டுகள் குட்டை. ஆகவே தடித்த ரப்பர் ஷீட்டை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடிமுனையில் இரண்டு எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட், நைலான் நட் போட்டு முடுக்கினேன். அகல வாஷர் இல்லாவிட்டால் ரப்பர் துளையிலேயே கிழிந்துவிடும். தொங்கும் முனை தரையிலிருந்து 8-10 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும்.

முன் மட்கார்டைத் தாங்கும் கம்பிகளுக்குத் தானாகக் கழலும் கிளிப் கட்டாயம். குச்சி சிக்கினால் கம்பி விடுபடும். இல்லையேல் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் தலைகுப்புற விழுவார்.

ரிம் பிரேக் (சக்கர விளிம்பை ரப்பர் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் வகை) என்றால், வீடு திரும்பியதும் அந்தக் கட்டைகளில் பதிந்த மணலை ஊசியால் கெல்லி எடுங்கள். அது ரிம்மையே அராவித் தின்றுவிடும்.

இரவில் உறைபனி விழுந்திருந்தால் இதெல்லாம் உதவாது. தாமதமாகக் கிளம்பி, உப்பு தூவிய சாலையிலேயே போங்கள், அல்லது சவாரியை ரத்து செய்யுங்கள்.