புல் வாங்குவதற்கு முன்னால் ஓரடி தோண்டுங்கள்

நர்சரிக்குப் போய்ப் புல்லுக்கு விலை கேட்பது அப்புறம். முதலில் மண்வெட்டியை எடுத்து வீட்டு முன்வாசலில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர், செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) நான் தோண்டிப் பார்த்த இடமெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. மேலே நாலு விரற்கடை சிவப்பு மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்டுக் கட்டி, சில இடத்தில் ஆணியும் பிளாஸ்டிக் பையும். வீடு கட்ட வரும் புல்டோசர் முதலில் வழித்துத் தள்ளுவதே ரப்பரும் செம்பனையும் இத்தனை காலம் இலை உதிர்த்துச் சேர்த்து வைத்த கறுப்பு மேல்மண்ணைத்தான். மிஞ்சுவது அடிமண். அதில் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

இது தெரியாமல் நாங்கள் குடிவந்த புதிதில் 200 சதுர அடிக்குப் புல் வாங்கி அப்படியே மேலே விரித்துவிட்டோம். மூன்று மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. நாலாவது மாதம் ஓரத்திலிருந்து பழுக்க ஆரம்பித்தது, நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், பாயைச் சுருட்டுவது போல மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் பார்த்தால் வேர் அரை அங்குலம்கூட இறங்கவில்லை, வெள்ளை நூல் மாதிரி பக்கவாட்டிலேயே ஓடியிருந்தது. கடைக்காரர் தந்த புல்லில் குறை இல்லை, நாங்கள் விரித்த இடம்தான் சரியில்லை.

அதனால் முதல் வேலை மண். ஆறு அங்குலமாவது கொத்திக் கிளறி, கல்லையும் சிமெண்டையும் பொறுக்கி எடுங்கள். பிறகு இரண்டு அங்குலக் கனத்துக்கு மக்கிய எருவைப் பரப்பிக் கலந்துவிடுங்கள். 200 சதுர அடிக்கு இது ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வரும், லோரியில் சொல்லி இறக்குவதுதான் லாபம். இன்னமும் மாடு வளர்ப்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் இருக்கிறார்கள், பழைய சாணம் கேட்டால் கொடுப்பார்கள். செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த காலிக் குலையை மக்க வைத்த உரம் கிடைத்தாலும் நல்லதுதான், ஆனால் நன்றாக மக்கிக் கறுத்திருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். களிமண் என்று சொல்லி வெறும் மணலை மட்டும் கொட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும்.

கிளறிய கையோடு சரிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் பக்கமாக நாலடிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் போதும், மழைத் தண்ணீர் கால்வாய்க்குப் போய்விடும். பள்ளம் விட்டால் புல் அழுகுவதோடு நிற்காது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் தேங்கிய தண்ணீர் போதும்.

சமன் செய்த மண்ணை இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். ஆர்வத்தில் எல்லோரும் தாண்டிவிடும் கட்டம் இது. மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற களையெல்லாம் முளைத்து முகம் காட்டட்டும். லாலாங் என்ற களைப்புல் வந்தால் இலையைப் பிடித்து இழுப்பதில் பலன் இல்லை, அதன் உயிர் அடியில் ஓடும் வெள்ளைக் கிழங்குவேரில் இருக்கிறது, ஈட்டி மாதிரி கூர்மையாக இருக்கும், ஒரு துண்டு அறுந்து தங்கினாலும் மறுபடி தழைக்கும். கோரையும் அப்படித்தான், கீழே இருக்கும் சின்னக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது தோட்டத்து முள்கரண்டியால் கிளறி எடுப்பது சுலபம்.

மருந்து அடித்தால் ஒரு நாளில் முடியுமே என்பீர்கள். என் அம்மா தோட்டத்தில் பல வருஷம் மருந்து அடித்தவர். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு வெறுங்கையோடு நின்ற அவரை நான் பார்த்திருக்கிறேன், நகம் கறுத்து உதிர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உருண்டு விளையாடப்போகிற 200 சதுர அடிக்கு அது வேண்டாம் என்பதுதான் என் முடிவு. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அது உடம்புக்குள் போனால் அந்த விஷத்தை முறிக்க மருந்தே கிடையாது. ஸ்டோர் ரூமில் பழைய போத்தல் கிடந்தால் அதைத் திறக்கவே வேண்டாம்.

சரி, இப்போது புல். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வகைதான் விற்கும். அகல இலையோடு இருப்பது கவ் கிராஸ். புளிப்பு மண்ணையும் கொஞ்சம் நிழலையும் தாங்கும், ரம்புத்தான் மரத்தடியில்கூட ஓரளவு பிடிக்கும், விலையும் மலிவு. மெல்லிய இலையோடு நெருக்கமாகப் படர்வது பிலிப்பைன் புல். பார்க்க அழகு, மிதித்தாலும் தாங்கும், ஆனால் நாள் முழுக்க வெயில் வேண்டும், மெதுவாகத்தான் படரும். முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நான் கவ் கிராஸைத்தான் சொல்வேன்.

நடும் காலம் முக்கியம். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதலாக இருக்கும், அது தொடங்கும் நேரத்தில் நட்டால் பாதி வேலையை வானமே செய்துவிடும்.

என் தாத்தா எஸ்டேட் மேலாளரான தொரையின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் எங்களுக்கு விளக்குமாறு போட்டுக் கூட்டிய வெறும் மண்தான், புல்லெல்லாம் பங்களாவில்தான். அவர் புல் பதிப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மண்ணை முதலில் நனைத்துக்கொள்வார். செங்கல் சுவர் எழுப்புவது போல ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் நடுவில் வருமாறு துண்டுகளை அடுக்குவார். பிறகு ஒவ்வொரு துண்டின் மேலும் உள்ளங்கையை விரித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துவார், அடியில் காற்று நின்றால் வேர் காய்ந்துவிடும் என்பார். இடைவெளியில் சலித்த மண்ணை விரலால் திணிப்பார். நான் இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறேன், ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நடந்தாலும் சரியாக வரும். முழுக்க விரிக்கக் காசு போதாவிட்டால், துண்டுகளைக் கையகலத்துக்கு அறுத்து ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றுங்கள், மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும், அதுவரை நடுவில் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் மழை பெய்யாத நாளெல்லாம் காலையில் தண்ணீர் விடுங்கள். பிறகு தினமும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்தில் இரண்டு முறை ஆழமாக விடுங்கள். மேலாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே நின்று பழகிவிடும். வாரத்துக்கு மழையும் சேர்த்து ஓர் அங்குலத் தண்ணீர் கணக்கு. குடித்து முடித்த கெட்டிப்பால் டின் இரண்டைப் புல்லின் நடுவில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள், டின்னில் அரை அங்குலம் நிற்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒருதரம் பார்த்துக்கொண்டால் போதும். சாயங்காலம் வேண்டாம், இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

வெட்டும்போது எப்போதும் இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கவ் கிராஸை நாலைந்து சென்டிமீட்டரில் வைத்திருங்கள். அடிக்கடி வெட்ட வேண்டாம் என்று மொட்டை அடிப்பவர்கள் நம் தாமானில் அதிகம். மொட்டை அடித்த இடத்தில் மண்ணில் வெயில் பட்டதும் தொட்டாற்சிணுங்கியும் ஒட்டுப்புல்லும்தான் முதலில் வரும். தோளில் மாட்டும் மிஷின் என்றால் முதலில் கல் பொறுக்கிவிட்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெட்டிய புல் குட்டையாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அதுவே எரு.

உரத்துக்கு 15:15:15 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) போதும். சதுர மீட்டருக்கு 30 கிராம், அதாவது 200 சதுர அடிக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும், ஈர இலையில் ஒட்டினால் கருகிவிடும். நம் சிவப்பு மண் மழையில் கரைந்து கரைந்து புளித்த மண், ஈப்போ போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்று நின்றாலும் வாசல் மண் புளிப்புத்தான். பிலிப்பைன் புல் வைத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை 200 சதுர அடிக்கு இரண்டு கிலோ டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) போடலாம், ஆனால் அதையும் உரத்தையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

திடீரென்று திட்டுத் திட்டாகப் பழுத்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கலந்து, பழுத்த இடமும் பச்சையும் சேரும் ஓரத்தில் ஒரு சதுர கெஜத்துக்கு ஊற்றுங்கள். புழு இருந்தால் பத்து நிமிஷத்தில் மேலே ஏறி வரும், மைனாக்களே கொத்திக்கொண்டு போய்விடும். எதுவும் வராமல் புல்லை இழுத்தால் கையோடு வருகிறதா, மண்ணைக் கிளறி வெள்ளையாகச் சுருண்ட வேர்ப்புழு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தண்ணீர் தேங்கியோ மண் இறுகியோ போயிருக்கும், முள்கரண்டியை ஆழமாகக் குத்தித் துளை போட்டு, துளைக்குள் எருவும் மணலும் கலந்து தூவிவிடுங்கள்.

நன்றாகப் பிடித்த பிறகு புல் நடைபாதையிலும் கால்வாயிலும் ஏறும். பாராங் கத்தியால் ஓரத்தை நேராக அறுத்துவிடுங்கள். அறுத்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் இப்போது இருப்பதெல்லாம் அப்படி எங்கள் வீட்டு ஓரத்திலிருந்து போன புல்தான், நடுவதற்கு முன்னால் அவரையும் ஓரடி தோண்ட வைத்தேன்.