கிலோமீட்டரைப் பார்த்து விமான நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான்; இரண்டும் சுமார் 2,930 கி.மீ. ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது. சிங்கப்பூருக்கு இரவு 11 மணிக்கு ஏறினால் காலை 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். துபாய்க்குக் காலை 10 மணிக்கு ஏறினால் பகல் 12.45-க்கே இறங்கிவிடலாம். ஒன்று ஏழு மணி நேரம், மற்றது மூன்று மணி நேரம்கூட இல்லை என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் நாலேகாலிலிருந்து நாலரை மணி நேரம்தான் ஆகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டன் மாதிரி ஊர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்: கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

அடுத்த தவறு, ஜெட் விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும் என்று வைத்துக்கொண்டு, இணையத்தில் கிடைக்கும் தூரத்தை 850-ஆல் வகுப்பது. சென்னை–யாழ்ப்பாணம் சுமார் 350 கி.மீ.; வகுத்தால் 25 நிமிடம் வரும். அந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர். மணிக்கு 500 கி.மீ. அளவில் போகும் புரொப்பெல்லர் விமானம் அது. மேலேறவும் இறங்கவும் வேகம் குறையும். விமான நிறுவனங்கள் நேரத்தைக் கணக்கிடுவதும் வானில் பறக்கும் நேரத்தை மட்டும் வைத்து அல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரைக்கும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

தூரம் அதிகம் என்றால் நேரமும் அதிகம் என்பதுகூட எப்போதும் சரியில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அந்த விமானத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியிலிருந்து கிழக்கே போகும் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ. ஆனது. ஆனாலும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து, பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். இதனால்தான் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. துபாயிலிருந்து சென்னை திரும்புவதுகூடப் போனதைவிடச் சற்றுச் சீக்கிரம் முடிந்துவிடும்.

பழைய கணக்கை நம்புவதும் ஆபத்து. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்துகொண்டிருந்த, பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏரின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. விமான நிலையங்கள் இடம் மாறவில்லை, தூரம் காட்டும் தளங்களில் எண்ணும் மாறவில்லை. ஆகவே உங்கள் தேதிக்கு விமான நிறுவனம் காட்டும் பயண நேரத்தையே பாருங்கள். ‘டைரக்ட்’ என்றிருந்தால் நடுவில் எங்காவது இறங்கி ஏறுமா என்றும் பாருங்கள். நிற்காமல் போவது ‘நான்-ஸ்டாப்’ மட்டும்தான்.

வயதான பெற்றோரைத் தனியே அனுப்புகிறவர்கள், விமானம் மாறும் ஊரில் இறங்குவதும் ஏறுவதும் ஒரே விமான நிலையமா என்று கட்டாயம் பாருங்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டியிருந்தால், குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, சாலை வழியே ஒரு மணி நேரமாவது போக வேண்டும். அதற்கு விசாவும் தேவைப்படலாம்.