எம்ஜிபி இக்னிஷன்: புதியவர்கள் பணத்தைத் தொலைக்கும் இடங்கள்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் இன்றும் விலை கைக்கு எட்டும், உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும், 40 வயதைத் தாண்டிய வண்டிக்கு இங்கே பிரிட்டனில் சாலை வரியும் கிடையாது. வேலைக்கென்று வந்த நம் பையன்களிலும் சிலர் ஆசைப்பட்டு ஒன்று வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய முதல் கோடையிலேயே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போன் வரும்: "அண்ணா, வண்டி மிஸ் அடிக்குது." என்னென்ன செய்தார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டு வரும்போதே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். நானும் அதே வரிசையில் கெடுத்தவன்தான்.

பிளக் வயரை இடம் மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) 1-3-4-2, ரோட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் துண்டு) சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. அதில் தப்பு செய்தால் வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஓடிக்கொண்டே தொல்லை கொடுக்கும் வண்டிதான் பர்ஸைக் காலி செய்யும்.

எல்லாம் புதுசு போட்டாச்சு என்று இக்னிஷனை மறந்துவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்கவில்லை.

கவன்ட்ரி பக்கம் ஒரு தம்பி. 1972 மாடல் வண்டி. வாங்கும்போது நன்றாகவே ஓடியது. இருந்தாலும் பழைய வண்டியாயிற்றே, ஒரு சர்வீஸ் செய்துவிடலாம் என்று ஆன்லைனில் டியூன்-அப் கிட் ஒன்றை வரவழைத்தார். பாயின்ட் (காயிலின் கரன்ட்டைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்), கன்டென்சர், ரோட்டர், கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), பிளக் எல்லாம் அதில் இருந்தன. ஒரு ஞாயிறு காலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டார். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார், நன்றாக இருந்தது. அடுத்த வாரம் மோட்டார்வேயில் அரை மணி நேரம் போனதும் இன்ஜின் இருமத் தொடங்கி அப்படியே நின்றது. சிறிது நேரம் ஆறவிட்டதும் ஸ்டார்ட் ஆனது. மறுபடி சூடானதும் மறுபடி நின்றது.

இக்னிஷன் முழுக்கப் புதுசு, ஆகவே கோளாறு பெட்ரோலில்தான் என்று முடிவு செய்தார். பின்பக்கம் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். சரியாகவில்லை. இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றி ரீகண்டிஷன் செய்ய அனுப்பினார். திரும்பி வந்ததும் அதே கதை. டாங்கை இறக்கிக் கழுவினார். கோடை முடிந்தது, நூற்றுக்கணக்கில் பவுண்டு போனது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி அந்தக் கிட்டில் வந்த கன்டென்சர். சில பவுண்டுக்கு மேல் பெறாத சாமான். குப்பைக்குப் போன பழைய கன்டென்சர் அநேகமாக இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

கன்டென்சர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் கம்பிச்சுற்றில் கரன்ட் ஓடி காந்தப்புலம் ஏறுகிறது. பாயின்ட் திறந்த நொடியில் அந்தப் புலம் சரிந்து, இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. ஆனால் திறக்கும் பாயின்ட்டின் இடைவெளியையும் கரன்ட் தாண்டப் பார்க்கும். அதைத் தடுத்து, புலத்தைச் சட்டென்று சரியவைப்பதுதான் கன்டென்சரின் வேலை. அது செத்தால் தீப்பொறி பிளக்கில் பாதியும் பாயின்ட்டில் பாதியுமாகப் போகும். பாயின்ட் கருகும், இன்ஜின் மிஸ் அடிக்கும். உள்ளே மெல்லிய தகட்டுச்சுருள், வெளியே ஒரு சின்ன டப்பா, அவ்வளவுதான். மட்டமாகச் செய்ததில் உள் இணைப்பு சூட்டில் விலகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வீட்டு வாசலில் ஒழுங்காக ஓடும் வண்டி வழியில் போய் நிற்கிறது.

ரோட்டரும் இப்படித்தான். பித்தளைத் தகட்டைப் பிளாஸ்டிக்கோடு ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். கீழே ஷாஃப்ட்டைக் கவ்வும் ஸ்பிரிங் கிளிப் இருக்கும். ரிவெட்டின் அடிமுனைக்கும் கிளிப்புக்கும் நடுவே பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்தால், கரன்ட் பிளக்குக்குப் போவதை விட்டு அந்தப் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்ட்டில் இறங்கிவிடும். ஒருமுறை கரிப்பாதை விழுந்துவிட்டால் அந்த ரோட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிவெட் இல்லாத ரோட்டர் தனியாகக் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூட. அதையே வாங்குங்கள்.

சோதிப்பது எளிது. கேப்பைக் கழற்றி, ரோட்டரை இருந்த இடத்திலேயே விடுங்கள். பாயின்ட் மூடியிருக்கட்டும். இக்னிஷனை ஆன் செய்து, காயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை, கரன்ட் பாயாத கைப்பிடி உள்ள இடுக்கியால் பிடித்து, ரோட்டரின் பித்தளைக்கு மேலே சுமார் 3 மி.மீ. தள்ளி வையுங்கள். பாயின்ட்டைக் கையால் திறந்து திறந்து மூடுங்கள். முதல் தடவை மெலிதாக ஒரு பொறி வந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று தாண்டினால் அந்தக் கரன்ட் எங்கோ எர்த் ஆகிறது. ரோட்டர் போச்சு.

கன்டென்சருக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. நல்லதென்று தெரிந்த ஒன்றை எடுத்து, காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே வெளியிலேயே இணையுங்கள். உள்ளே இருப்பதன் வயரைக் கழற்றிவிடுங்கள். நடுவழியில் என்னைப் பலமுறை வீடு சேர்த்த வித்தை இது. வெளியே இருப்பதால் சூடும் குறைவு, அப்படியே விட்டாலும் குற்றமில்லை.

பாயின்ட் வைத்த கார்கள் சாலையிலிருந்து மறைந்ததும் இந்தச் சாமான்களுக்கான சந்தை சுருங்கிவிட்டது. இப்போது வருவதில் நல்லதும் உண்டு, விலைக்காகவே செய்ததும் உண்டு. பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் கட்டிச் சிரிப்பவர்கள், அதே லூகாஸின் ஐம்பது வருடப் பழைய ரோட்டரைக் கழற்றி வீசிவிட்டு நேற்று வார்த்த பிளாஸ்டிக்கை மாட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழையதை டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். வண்டி கெட்டால் முதல் கேள்வி, கடைசியாக எதில் கை வைத்தோம் என்பதுதான்.

மேடு விழுந்த பாயின்ட்டில் ஃபீலர் கேஜ் வைப்பது

புத்தகம் சொல்லும் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. புதுப் பாயின்ட்டுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) போதும். ஓடிய பாயின்ட்டில் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு விழுந்திருக்கும். கேஜ் தகடு மேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு பொய்க்கணக்குச் சொல்லும். டுவெல் மீட்டர் (பாயின்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டுவது) ஒன்று வாங்கிவிடுங்கள். 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 60 டிகிரியை ஒட்டி வர வேண்டும். பிற்கால 45டி4 என்றால் 51-ஐ ஒட்டி. எந்த மாடல் என்பது டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலேயே பொறித்திருக்கும்.

மீட்டர் முள் நிலையாக நிற்காமல் ஆடினால் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் நீங்கள் எத்தனை முறை இடைவெளி வைத்தாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு கணக்காகத்தான் இருக்கும்.

இடையில் ஒன்று. நம் ஊர் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். எம்ஜிபிக்கு முன்னால் 1955-ல் வந்த எம்ஜிஏ அதே 1489 சிசியோடுதான் வந்தது. ஊரில் அந்தக்கால அம்பாசடர் மெக்கானிக் யாரையாவது தெரிந்திருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அவர் தயங்குவார். போட்டோவைக் காட்டினால் தயக்கம் போய்விடும்.

டைமிங்கை முதலில் வைத்துவிட்டு, பிறகு பாயின்ட்டைத் தொடுவது

டுவெல் ஒரு டிகிரி நகர்ந்தால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும். முதலில் பாயின்ட் இடைவெளி, பிறகு டைமிங்.

கேமில் கிரீஸ் வைக்காமல் மூடுவது

பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் ஷாஃப்ட்டின் மேடுதான் கேம். அதில் உரசி பாயின்ட்டின் குதி தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்னுக்குப் போகும். மிளகளவு போதும், அதற்கு மேல் வைத்தால் பாயின்ட்டில் தெறிக்கும்.

பளபளக்கிறது என்று காயில் வாங்குவது

தங்க நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காயில் வாங்கி மாட்டாத புதியவரை நான் பார்த்ததில்லை. மாட்டட்டும், தப்பில்லை. ஆனால் தன் வண்டியில் பாலாஸ்ட் (கரன்ட்டைக் குறைக்கும் தடை) இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆரம்பகால எம்ஜிபியில் பேட்டரியின் 12 வோல்ட்டும் நேராகக் காயிலுக்கு வருகிறது. காயிலின் முதல் சுற்று சுமார் 3 ஓம். 1974 இறுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்த பிறகு, கரன்ட் வழியிலேயே ஒரு தடையை வைத்து, 1.5 ஓம் காயிலைப் போட்டார்கள். ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் தடையைத் தாண்டி முழு வோல்ட்டும் போகும், குளிரில் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். தொல்லை என்னவென்றால், அந்தத் தடை தனிப் பெட்டியாக இல்லை. வயர்கட்டுக்குள்ளே ஒரு வயராகவே ஒளிந்திருக்கிறது.

1.5 ஓம் காயிலைத் தடையில்லாத வண்டியில் மாட்டினால் 4 ஆம்பியர் போகவேண்டிய பாயின்ட் வழியாக 8 ஆம்பியர் போகும். பாயின்ட் கருகும், காயில் கொதிக்கும். மாறாக 3 ஓம் காயிலைத் தடையுள்ள வண்டியில் மாட்டினால் 3 ஆம்பியர்கூட வராது. ஐடிலிங்கில் தெரியாது. மேட்டில் மிதிக்கும்போது மிஸ் அடிக்கும். உடனே கார்புரேட்டரைத் திறந்துவிடுவார்கள்.

மல்டிமீட்டர் போதும். காயிலின் இரு முனைகளுக்கும் நடுவே ஓம் அளந்துகொள்ளுங்கள். பிறகு பாயின்ட் மூடியிருக்க, இக்னிஷன் ஆனில், கரன்ட் வரும் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரி அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தால் தடை இல்லை. பாதியளவுக்குக் குறைந்தால் இருக்கிறது. வண்டியின் வருடத்தை நம்பாதீர்கள், முந்தைய சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கே மறந்திருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி வயர்கள்

வாக்யூம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் அமைப்பு) வேலை செய்யும்போதெல்லாம் பாயின்ட் நிற்கும் தகடு சற்றுத் திரும்புகிறது. அதோடு சேர்ந்து பாயின்ட்டுக்கு வரும் வயரும், தகட்டை எர்த் செய்யும் வயரும் வளைகின்றன. பல வருடம் வளைந்ததில் உறைக்குள்ளேயே இழை அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் கரன்ட் விட்டுப்போகிறது என்றால் முதலில் இவற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மாற்றும்போது சாதாரண வீட்டு வயரைப் போடாதீர்கள், சீக்கிரமே விறைத்து அறும்.

சாவியை ஆனில் விட்டு டீ குடிக்கப் போவது

போகாதீர்கள். காயில் வெந்துவிடும்.

எர்த் எது என்று பார்க்காமல் எலக்ட்ரானிக் மாட்டுவது

பாயின்ட்டை எடுத்துவிட்டு கேப்புக்குள் அடங்கும் எலக்ட்ரானிக் மாட்யூல் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. நல்லதாகவே ஓடும். ஆனால் 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்திருக்கும். மாட்யூல் வாங்கும்போது பாசிட்டிவ் எர்த்துக்கா நெகட்டிவ் எர்த்துக்கா என்று கேட்டு வாங்க வேண்டும். தப்பாக மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும், கடையில் திருப்பியும் எடுக்க மாட்டார்கள். பழைய வண்டிகளில் ரேடியோவுக்காக யாராவது எர்த்தை மாற்றியும் இருப்பார்கள். ஆகவே சீட்டுக்குப் பின்னால் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கலாம், பாடிக்குப் போகும் வயர் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்பதுதான் கணக்கு. எர்த்தை மாற்றியவர் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றினாரா என்றும் பாருங்கள். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தாண்ட அதிக வோல்ட் கேட்கும்.

கழற்றிய பாயின்ட், கன்டென்சரை மறக்காமல் டூல் பையில் வையுங்கள். மாட்யூல் செத்தால் முன்னறிவிப்பு இருக்காது.

புத்தகத்தின் டைமிங்கை வேதவாக்காக எடுப்பது

தொடக்ககால எம்ஜிபிக்கு இன்ஜின் நிற்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் பொறி என்று புத்தகத்தில் இருக்கும். அது எழுதப்பட்டது ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் காலத்தில். அந்தப் பெட்ரோல் பிரிட்டனில் 2000-க்குப் பிறகு பொது விற்பனையில் இல்லை. இப்போது பம்ப்பில் சாதாரணமாக வருவது 95 ஆக்டேன், 2021 செப்டம்பரிலிருந்து அதில் 10 சதவீதம் வரை எத்தனால் வேறு. 10 டிகிரியில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். டாப் கியரில் குறைந்த வேகத்தில் ஒரு மேட்டில் ஏற்றி மிதியுங்கள். இன்ஜினிலிருந்து கிலுகிலுவென்று உலோகச் சத்தம் வந்தால் டைமிங் அதிகம். 25டி4-ல் இதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது, ஆர் (ரிட்டார்ட், அதாவது பின்னுக்கு) என்று குறித்த பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பி, அதே மேட்டில் மறுபடி ஓட்டுங்கள். சத்தம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

அப்புறம் வாக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்ட்ரோப் லைட்டோடு (டைமிங் குறியைக் காட்டும் மின்னும் விளக்கு) இன்ஜினை நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் ஓடவிட்டுப் பாருங்கள். மொத்த அட்வான்ஸ் 30 டிகிரியை ஒட்டி நின்றால் சரி. அதைத் தாண்டி ஏறினாலோ, குறைந்த வேகத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டாலோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். அதை ஐடிலிங் டைமிங்கால் சரிக்கட்ட முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அதற்கான டெஸ்ட் மெஷின் வைத்திருப்பவரிடம் அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் இன்ஜின் எண்ணையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், எந்த ஸ்பிரிங் போடவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்.